முதுமையும் தன்வயமும்

 

சாவத்தி நகரத்திலே ஒருகாலத்துப் பெருஞ்செல்வராய் வாழ்ந்த அந்தணர் ஒருவர், முதுமை எய்தியபின், நைந்த மேலாடையோடு பகவன் புத்தரை வந்து கண்டார். இக்கோலத்திற்குக் காரணம் யாதென்று பகவன் வினவ, நான்கு மைந்தரும் தத்தம் மனைவியர் சொற்கேட்டுத் தம்மை வீட்டினின்றும் வெளியேற்றி விட்டனர் என்று கிழவர் விடையிறுத்தார். அதன்மேல் பகவன் செய்தது யாது? மைந்தரை அழைத்துக் கடிந்துகொண்டாரல்லர். கிழவரை விகாரையிலே வந்து தங்குமாறு கூறினாருமல்லர். சில செய்யுட்களை அவருக்குக் கற்பித்து, ஊரவர் கூடும் சபையிலே, மைந்தரும் அமர்ந்திருக்கும் வேளையிலே, எழுந்து நின்று சொல்லும்படி பணித்தார். தந்தையை மதியாத மைந்தரைக் காட்டிலும் கையிலுள்ள கோல் மேலானது என்பதே அவற்றின் கருத்து. கோலானது முரட்டு மாட்டையும் நாயையும் விலக்குகிறது. இருளிலே முன்னே செல்கிறது. நீரிலே கால்வைக்குமிடத்தைக் காட்டுகிறது. இடறினவனை மீண்டும் நிற்கச் செய்கிறது. இதனைச் சபையிலே கேட்ட மைந்தர் நாணமுற்றுத் தந்தையை இல்லத்துக்கு அழைத்துச் சென்று, நீராட்டி, ஆளுக்கோர் இணை ஆடை அளித்தனர். இவ்வரலாறு சம்யுத்த நிகாயத்திலே உள்ளது.

இதனைப் பலரும் பிள்ளைகளுக்குரிய அறிவுரையாகவே எடுத்துச் சொல்லுவர். அவ்வாறு சொல்லுதல் பிழையன்று. ஆயினும் அக்கிழவர் இழந்திருந்தவை சோறும் ஆடையும் மட்டுமல்ல என்பதை நோக்குதல் வேண்டும். பத்துப்பேர் நடுவே தம் பொருட்டுத் தாமே பேசும் நிலையையும் அவர் இழந்திருந்தார். பகவன் முதற்கண் மீட்டுக்கொடுத்தது அதனையே. ஆடை பின்னர் வந்தது.

எண்பது, தொண்ணூறு வயது கடந்த மூத்தோரின் உடல்நலத்தையும் தன்வயத்தையும் பற்றியே இன்று பேசக் கருதுகின்றேன். தன்வயம் என்றால் எவர் உதவியும் வேண்டாதிருத்தல் என்று சிலர் எண்ணுகின்றனர். அப்படிப்பட்டவர் உலகத்தில் எவருமிலர். இருபது வயதினரும் அப்படியில்லை. தன் உடல், தன் உணவு, தன் இருப்பிடம், தன் கைக்காசு ஆகிய இவற்றில் தன் சொல் செல்லுதலே தன்வயமாம்.

இத்தருமத்தைத் தழுவிய நம்மவருக்கு இது புதிய கருத்தன்று. எவர்முன்னும் கைகட்டி நில்லோம் என்றல்லவோ நம் முன்னோர் திரிசரணம் ஏற்றனர்? 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியிலே அண்ணல் அம்பேத்கர் தீட்சை பெற்றபோது அவருக்கு வயது 65, நீரிழிவும் கால்நோயும் அவரைத் தளர்த்தியிருந்தன, கோலூன்றியே நின்றார். அவ்வழி வந்த குடும்பத்து மூதாட்டி ஒருத்தி, ஊர்த்தெருவிலே எவருக்கும் தலைகுனியாதவள், தன் வீட்டு முற்றத்திலே ஒரு செம்பு வெந்நீருக்காக மருமகள் முகத்தைப் பார்த்து நிற்பாளாயின், நாம் ஏற்ற தருமம் வாயிற்படியோடு நின்றுவிட்டது என்றல்லவோ பொருள்?

பகவன் தாமும் எண்பது ஆண்டு வாழ்ந்தார். வேலுவ கிராமத்திலே மாரிக்காலத்தைக் கழித்தபோது கடும்நோய் கண்டு தேறினார். அப்போது ஆனந்தரிடம், தம் உடல் வார்களால் இறுக்கிக் கட்டி ஓட்டப்படும் பழவண்டியை ஒத்திருப்பதாக ஒளிவுமறைவின்றிக் கூறினார். நீங்களே உங்களுக்குத் தீவாகவும் புகலாகவும் இருங்கள் என்ற உபதேசத்தை நாம் அனைவரும் அறிவோம். அவ்வுபதேசம் அருளப்பெற்றதும் அவ்வுரையாடலிலேதான். பழவண்டியைப் பற்றிய பேச்சு முடிந்தவுடன் அது வருகிறது. முழுவலிமையோடிருந்த இளைஞர் ஒருவர் பிறருக்குச் சொன்ன வீரமொழியன்று அது. முதுகு வளைந்து, பிறர் கை பிடித்து விட வேண்டிய நிலையிலிருந்த பெரியவர் கூறியது. பிறர் உதவியைப் பெறுதலும் தன்னைத் தானே சார்ந்திருத்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

நிற்க. இப்பொருளை நூலளவில் நிறுத்தாமல், தமிழரும் மலையாளரும் கலந்து வாழும் மேற்கு மலைகளிலே வைத்துப் பார்ப்போம். கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே கடலை நோக்கி ஓடுகின்றன. கபினி, பவானி, பாம்பாறு என்னும் மூன்றே கிழக்கு நோக்கி வருகின்றன. இவற்றுள் பவானி பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடியின் வழியாகவும், பாம்பாறு இடுக்கி மாவட்டத்து மறையூரின் வழியாகவும் தமிழகத்துள் இறங்கிக் காவிரியைச் சேர்கின்றன. ஆறு இறங்கும் வழியிலே மக்கள் ஏறினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஏறிய நம்மவர் மூணாறு, தேவிகுளம், பீருமேட்டு மலைகளிலே காடு திருத்தித் தேயிலை நட்டனர். அவர்தம் பேரர்களின் தாயரும் தந்தையருமே இன்று அங்குள்ள முதியோர்.

அவர்களுடைய முதுமைக்குத் தனித்ததோர் இடர் உண்டு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு கொடுத்தல் தோட்டத்தாரின் கடமை என்றது. நல்ல விதிதான். ஆனால் அவ்வீடு வேலைக்குரிய வீடு. முப்பது, நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த பெண்மணி, வேலையிலிருந்து ஓய்வுபெற்றவுடன் லயத்து வீட்டிலிருக்கும் உரிமையையும் இழக்கிறாள். மகனோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர்பதிந்திருந்தால் அவர்கள் வீட்டிலே ஒரு மூலை கிடைக்கும்; இல்லையேல் எவரும் முகமறியாத சொந்த ஊருக்கு இறங்க வேண்டும். பீருமேட்டிலே 2000-ஆம் ஆண்டையொட்டிப் பல தோட்டங்கள் கைவிடப்பட்டபோது நிலை இன்னும் கொடியதாயிற்று. கூரை ஒழுகும் லயங்களிலே, வரவேண்டிய பணிக்கொடையை எதிர்நோக்கி, இறங்கிப்போக இடமுமின்றி முதியோர் தங்கினர். உடலிலே வலுவிருந்தும் தன்வயமின்றி வாழ்வது எப்படி என்பதை அறிய வேண்டுவோர் அங்கே சென்று காணலாம். கால் நடக்கிறது, ஆனால் நின்றுகொள்ளத் தனக்கென்று ஒரு தரை இல்லை.

மூணாற்றுக் காட்டினுள் இடமலைக்குடி என்னும் முதுவர் குடியிருப்புகள் உள்ளன. 2010-இல் கேரளத்தின் முதற் பழங்குடி ஊராட்சியாக அது அமைந்தது. அங்கே நிலைமை மறுதலையானது. வீடு தன்னது, காடு தன்னது, இறக்குமதிச் சோறில்லாமலும் வாழத் தெரியும். ஆனால் நடக்க முடியாத நோயாளியை மஞ்சலிலே கட்டிப் பலர் தோள்மாற்றிச் சுமந்து காட்டுவழியே செல்ல நேர்ந்த செய்திகள் பலமுறை வந்துள்ளன. அத்தகைய இடத்திலே ஒரு கிழவரின் இடுப்பெலும்பு முறியுமாயின் அது அவர் ஒருவருடைய துன்பமன்று; ஊரே சுமக்க வேண்டிய துன்பம்.

ஆதலின் வீழ்ச்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லுகின்றேன். இதனைத் தருமப் பிரசங்கத்திற்குப் புறம்பானது என்று கருதற்க. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கின்றனர். அவர்களிற் பெரும்பகுதியார் அறுபது கடந்தோர். விழாதிருக்க வேண்டுவன பெரும்பொருட் செலவுடையனவல்ல. இரவில் எழுந்து புறத்தேயுள்ள கழிப்பிடம் செல்லும் வழியில் ஒரு விளக்கு, ஈரம் படியும் கல்லின்மேல் சாம்பலோ மணலோ, படியருகே கையால் பற்ற ஒரு மூங்கிற் கழி, கழலாத செருப்பு. இரத்த அழுத்தத்திற்கு மருந்துண்போர் படுக்கையினின்றும் சட்டென எழுந்தால் தலைசுற்றும். ஆதலின் எழுந்து சற்று அமர்ந்திருந்து பின்னர் நிற்க வேண்டும். தூக்க மருந்து கால்களையும் தூங்கச் செய்யும் என்பதை மறவற்க. கண்புரை முற்றிய கண்ணோடு மலைப்படியில் இறங்குதல் கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்குதல் போன்றதே. மதுரையிலே டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள், அரசுப் பணியினின்றும் ஓய்வுபெற்றபின், 58-ஆம் வயதிலே, 1976-இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுநோயால் அவர் விரல்கள் கோணியிருந்தன. அவ்விரல்களாலேயே அறுவை செய்து பார்வை கொடுத்தார். இடுக்கி மலையடியிலுள்ள தேனியிலும் அம்மருத்துவமனையின் கிளை உண்டு. மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் பாட்டியை ஏற்றிவிடுவது ஒன்றே நாம் செய்ய வேண்டுவது.

இன்னொன்று கூறவேண்டும். தொண்ணூறு வயதானவருக்கு இனி வலிமை வராது, இருப்பதைக் காப்பாற்றினால் போதும் என்று வீட்டார் அவரைக் கட்டிலிலேயே இருத்திவிடுகின்றனர். அன்பினாலேதான் செய்கின்றனர். ஆனால் அசையாத தசை நாள்தோறும் தேய்கிறது. 1990-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் மரியா ஃபியாடரோனே என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும், காப்பகத்திலிருந்த தளர்ந்த முதியோர் பத்துப்பேருக்கு, சராசரி வயது 90 ஆனோருக்கு, எட்டு வாரம் எடைதூக்கும் கால்பயிற்சி அளித்தனர். கால்வலிமை சராசரி 174 விழுக்காடு கூடிற்று. வாரத்தில் மூன்று நாளேனும் வலிமைக்கும் நிலைபேற்றுக்கும் உரிய பயிற்சியை முதியோர் செய்தல் வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கருத்துமாம். கையூன்றாது நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்தமர்தல், சுவரைத் தொட்டு ஒற்றைக்காலில் நிற்றல் போன்றவையே தொடக்கத்திற்குப் போதும்.

நம் நூல்களிலும் இத்தகையார் ஒருவர் உளர். பத்துப் பிள்ளைகளைப் பெற்ற சோணை என்பார், தம் செல்வம் முழுவதையும் மக்களுக்குப் பகிர்ந்தளித்தபின் அவர்களாலேயே புறக்கணிக்கப்பட்டு, முதிய வயதிலே பிக்குணிச் சங்கத்திற் சேர்ந்தார். வெந்நீர் காய்ச்சுதல் முதலிய வேலைகளை ஏற்றார். இரவெல்லாம் தியான நடை நடந்தார். இருளிலே தலை மோதாதிருக்கத் தூணைக் கையாற் பற்றியவாறே சுற்றிவந்தார் என்று உரைநூல் கூறுகின்றது. கைப்பிடிக் கழியின் பயனை இக்கால மருத்துவர் சொல்லுமுன்னரே அவ்வம்மையார் அறிந்திருந்தார் போலும்! ஊக்கமுடைய பிக்குணிகளுள் தலையாயவர் என்று பகவன் அவரையே சுட்டினார்.

சோணையின் கதையிலே நம் குடும்பங்கள் கேட்கவேண்டிய வேறொரு செய்தியும் உண்டு. அது சொத்தைப் பற்றியது. உயிரோடிருக்கும்போதே வீட்டையும் நிலத்தையும் எழுதிக்கொடுத்துவிட்டுப் பின் திண்ணைக்கு வருவோர் இன்றும் பலர். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பேணிக்காத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட சொத்தை, பேணாதவரிடமிருந்து திரும்பப்பெற வழிசெய்கிறது. அந்நிபந்தனை பத்திரத்திலே தெளிவாக எழுதப்பட்டிருத்தல் நலம். எழுதும்போது தயங்காதீர்கள், பிள்ளைமேல் ஐயம் என்று எவரும் சொல்லார், சொன்னாலும் சொல்லட்டும். வழக்கைக் கோட்டாட்சியர் மட்டத்துத் தீர்ப்பாயமே விசாரிக்கும்.

காசு பற்றியும் கூறிவிடுகின்றேன். கேரளத்திலே விவசாயத் தொழிலாளர் ஓய்வூதியம் 1980-இலேயே தொடங்கிற்று. 1,600 ரூபாயாக இருந்த மாத நல ஓய்வூதியம் 2025 நவம்பர் முதல் 2,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. நடக்க இயலாதோருக்குக் கூட்டுறவுச் சங்கத்தார் வீட்டிற்கே கொண்டுவந்து கையிற் கொடுக்கின்றனர். தொகை சிறிதே. ஆனால் பேரனுக்கு மிட்டாய் வாங்கித்தரும் பாட்டியை வீட்டிலே எவரும் சுமையென்று சொல்லுவதில்லை. கையில் வந்த பணத்தை வந்தவுடனே மகன் வாங்கிக்கொள்ளும் வீடுகளைப் பற்றி யான் சொல்லவேண்டுவதில்லை; அவ்வீட்டார் தாமே அறிவர்.

உணவைக் குறித்துப் பசேநதி அரசனின் கதையைச் சொல்லுவது வழக்கம். மரக்கால் அளவு சோறுண்டு மூச்சுத் திணறிய அவனுக்கு அளவறிந்துண்ணுமாறு பகவன் அறிவுறுத்த, அவன் சிறிதுசிறிதாகக் குறைத்து நாழியரிசிச் சோற்றளவிலே நின்றான். அரசனுக்குச் சொன்னதை ஏழைக் கிழவிக்குச் சொல்லலாகாது. நம் வீடுகளில் மூத்தோரின் குறை மிகையாக உண்பதன்று. கஞ்சியும் ஊறுகாயுமாகக் காலங்கழித்தலே. தசைக்குப் பயறும் பாலும் முட்டையும் வேண்டும். அட்டப்பாடியில் முன்னாளிலே இருளரும் முடுகரும் குறும்பரும் ராகியும் சாமையும் தினையும் துவரையும் தாமே விளைவித்து உண்டனர். நிலம் கைவிட்டுப் போகப்போக அவ்வுணவும் போயிற்று. 2013-இல் அங்கே பச்சிளங்குழந்தைகள் பலர் இறந்தது நாடறிந்த துயரம். அதன்பின் குடும்பஸ்ரீ மகளிர் ஊர்தோறும் பொதுச் சமையற்கூடம் அமைத்தனர்; கருவுற்றோருக்கும் குழந்தைகளுக்கும் போலவே முதியோருக்கும் அங்கே உணவு உண்டு.

அட்டப்பாடியினின்றும் இறங்கும் பவானியின் கரையிலே, மேட்டுப்பாளையத்தையடுத்த தேக்கம்பட்டியில், பாப்பம்மாள் என்னும் மூதாட்டியார் வாழ்ந்தார். சிறுவயதிலே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். மளிகைக்கடை நடத்திச் சேர்த்த பொருளால் நிலம் வாங்கி, பிற்காலத்தில் இரண்டரை ஏக்கரில் இயற்கை வேளாண்மை செய்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது அவருக்கு 105 வயது என்றனர். 2024 செப்டம்பரில் மறைந்தார். எல்லோரும் நூறு வயதில் வயலுக்குப் போக வேண்டும் என்பதற்காக இவரைச் சொல்லவில்லை; உடலமைப்பு எல்லோருக்கும் ஒன்றன்று. நிலம் அவர் பெயரில் இருந்தது, என்ன விதைப்பது என்பதை அவரே சொன்னார் என்பதற்காகவே சொல்லுகின்றேன்.

சொந்தத் தீர்மானத்திற்கு எத்துணை ஆற்றலுண்டு என்பதை 1976-இல் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் அமெரிக்க உளநூலார் ஒரு முதியோர் காப்பகத்திலே ஆராய்ந்தனர். ஒரு சாராருக்குச் செடியொன்றைத் தாமே தேர்ந்து தாமே நீர்விடச் சொன்னார்கள். மற்றவருக்குச் செடியைக் கொடுத்துச் செவிலியரே நீர்விட்டனர். செடியைத் தாமே பேணியோர் மகிழ்ச்சியிலும் சுறுசுறுப்பிலும் மேம்பட்டனர். ஒரு செம்பு நீர் ஊற்றும் உரிமைதான்!

ஒருநாள் குளித்தல், உடுத்தல் முதலியவற்றிற்கும் பிறர் கை வேண்டியே வரும். அதற்கெனக் கேரளம் 2008-இல் நோய்த்தணிப்புக் கொள்கையை வகுத்து, ஊராட்சிதோறும் செவிலியர் வீடுதேடி வரும் முறையை ஏற்படுத்தியது. தமிழகத்திலும் 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் நடைபெறுகின்றது. செவிலியர் வரும்போது வீட்டார் முந்திக்கொண்டு விடைசொல்லாமல், படுக்கையிலிருப்பவரையே பேசவிடுதல் வேண்டும். எங்கே வலிக்கிறது என்பது அவருக்கே தெரியும்.

பேணுவோர் அன்பினாலேயே தடுப்பதும் உண்டு என்று சொன்னேன். குசிநாரைக்குச் செல்லும் வழியிலே பகவன் நோயால் களைத்து, ஒரு மரத்தடியில் மேலாடையை நான்காக மடித்து விரிக்கச் செய்து அமர்ந்தார். தாகமாயிருக்கிறது, நீர் கொணர்க என்றார். இப்போதுதான் ஐந்நூறு வண்டிகள் ஓடையைக் கடந்தன, நீர் கலங்கியிருக்கும், ககுத்தை ஆறு அருகிலேயே உள்ளது, அங்கே தெளிந்த நீர் பருகலாம் என்று ஆனந்தர் மறுத்தார். நல்லெண்ணத்தோடுதான் மறுத்தார். பகவன் இரண்டாம் முறை கேட்டார். மீண்டும் அதே விடை. மூன்றாம் முறையும் கேட்டார். அப்போது ஆனந்தர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குச் சென்றார். நீர் தெளிந்திருந்தது.